இல்லமே அஞ்சினான் புகலிடம்

(மகாவீரர் ஜயந்தி விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் அரங்கில் ஆற்றிய உரை)

 

பகவான் மகாவீரரின் ஜன்ம கல்யாணத் திருநாளில், அபிடேகமும் பூசையும் நிறைவுற்ற கையோடு பெற்றோர்களுக்கென ஓர் அரங்கம் அமைத்து, ‘பிள்ளைகளின் பாலியல் நலமும் பெற்றோர் கடமையும்’ என்னும் தலைப்பை எனக்குத் தந்துள்ளனர் அறக்கட்டளையினர். அவர்களுடைய துணிவைப் பாராட்டுகிறேன். தலைப்பைக் கேட்டதும், “ஜினாலயத்தை ஒட்டிய மண்டபத்தில் பேசக்கூடிய பொருளா இது?” என்னும் வினா சிலர் உள்ளத்தில் எழுந்திருக்கும். அவ்வினா நியாயமானதே. ஆகவே, அதற்கு விடை கூறிவிட்டு மேலே செல்கிறேன்.

மரபு தடுக்கிறதா?

தீர்த்தங்கரர்களின் பஞ்ச கல்யாணங்களில் முதலாவது கர்ப்ப கல்யாணம். தீர்த்தங்கரரின் தாய் பதினாறு கனவுகள் கண்டதையும் கருவுற்றதையும் நாம் மங்கலமாகப் போற்றுகிறோம். கருவுறுதலைக் கல்யாணம் என்று கொண்டாடும் சமயத்தைச் சேர்ந்த நாம், “அம்மா, நான் எப்படிப் பிறந்தேன்?” என்று ஐந்து வயதுக் குழந்தை கேட்கும்போது மட்டும் முகம் சிவந்து பேச்சை மாற்றுகிறோம்.

இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் ஒன்று பிரமசரிய அணுவிரதம். தன் வாழ்க்கைத் துணையோடு மனநிறைவு கொண்டு பிறரை நாடாதிருத்தல் அதன் பொருள். உமாசுவாமி தமது தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில், அவ்விரதத்திற்கு இழுக்காகும் அதிசாரங்களை ஒளிவுமறைவின்றி எண்ணிக் கூறுகிறார். சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதனை அடியொற்றித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் அந்நெறியே பேசுகின்றன. விரதம் ஏற்பவர் தாம் எதனை விலக்குகிறோம் என்பதை அறிந்தே விலக்க வேண்டும் என்பது அவ்வாசிரியர்களின் கருத்து. திருத்தக்கதேவர் ஒரு துறவி. அவர் இயற்றிய சீவக சிந்தாமணிக்கோ ‘மணநூல்’ என்று ஒரு பெயருண்டு. ஏலாதி, சிறுபஞ்சமூலம் என நம் முன்னோர் அறநூல்களுக்கு மருந்துகளின் பெயரையே சூட்டினர். உடல்நலத்தையும் ஒழுக்கத்தையும் அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை என்பதற்கு இப்பெயர்களே சான்று.

மும்மணிகளின் வரிசையைச் சற்று எண்ணிப் பாருங்கள். நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம். ஒழுக்கம் மூன்றாவதாக நிற்கிறது; அதற்கு முன்னே ஞானம் நிற்கிறது. நாமோ பிள்ளைகளிடம் ஒழுக்கத்தை எதிர்பார்க்கிறோம். அதற்கு முன் தர வேண்டிய ஞானத்தைத் தராமல் கடந்து விடுகிறோம். நாம் தராத இடத்தைக் கைப்பேசி நிரப்புகிறது. உடல் என்றால் என்ன, உறவு என்றால் என்ன என்பதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஆபாசக் காணொளி கற்பித்தால், அங்கே அன்பும் இல்லை, பொறுப்பும் இல்லை, அகிம்சையும் இல்லை. நாணம் நம் பண்பு; அதனைக் காக்க வேண்டியதுதான். நாணத்தோடு பேசுவதற்கும் வழி உண்டு. வாய் மூடியிருப்பதை மட்டும் நாணம் என்று எண்ணிவிடலாகாது.

அஞ்சியோர்க்கு அடைக்கலம்

நம் அறநூல்கள் தானத்தை நான்கு வகையாகக் கூறும்: உணவு, மருந்து, ஞானம், அபயம். அஞ்சி வந்தவர்க்கு அடைக்கலம் தருவதே அபயதானம். தமிழகத்துக் கல்வெட்டுகளில் ‘அஞ்சினான் புகலிடம்’ என்னும் பெயர் காணப்படுகிறது. அறிஞர் மயிலை சீனி. வேங்கடசாமி ‘சமணமும் தமிழும்’ என்னும் தம் நூலில், அதனைச் சமணர்களின் அபயதானத்தோடு இணைத்து எழுதியுள்ளார். அச்சத்தோடு ஓடி வந்தவர் அவ்வெல்லைக்குள் அடியெடுத்து வைத்துவிட்டால் காக்கப்படுவார்.

இன்று நான் கேட்பது ஒன்றே. நம் பிள்ளைக்கு நம் இல்லம் அத்தகைய புகலிடமாக இருக்கிறதா? தன் உடலில் நேரும் மாற்றத்தால் அஞ்சிய பிள்ளை, யாரோ தொட்டதால் கலங்கிய பிள்ளை, தவறு ஒன்று செய்துவிட்டுத் தவிக்கும் பிள்ளை, நம்மிடம் ஓடி வருமா? நம்மை எண்ணி அஞ்சி வேறெங்காவது ஓடுமா? பாலியல் நலம் பற்றிப் பெற்றோர் அறிய வேண்டிய செய்திகள் பல உண்டு. அவையனைத்தும் இவ்வொரு வினாவிற்குள் அடங்கும்.

இது வெறும் கற்பனை அச்சம் அன்று. நடுவண் அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007ஆம் ஆண்டு ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் விவரம் கேட்கப்பட்டது. அவர்களுள் 53.22 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகக் கூறினர். அவ்வாறு கூறியவர்களில் 52.94 விழுக்காட்டினர் ஆண் பிள்ளைகள். துன்புறுத்தியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் குழந்தைக்கு அறிமுகமானவர்கள், அல்லது குழந்தையின் நம்பிக்கைக்குரிய நிலையில் இருந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் அதனை யாரிடமும் சொல்லவில்லை. “எனக்கு ஆண் பிள்ளைதானே, கவலை இல்லை” என்று எண்ணும் பெற்றோரும், “நம் மனிதர்களிடம்தானே விட்டுச் செல்கிறோம்” என்று எண்ணும் பெற்றோரும் இவ்விரு செய்திகளையும் மனத்தில் இருத்த வேண்டும்.

மூன்று வயது முதல் ஒன்பது வயது வரை

எப்போது தொடங்குவது என்று பெற்றோர் கேட்கின்றனர். குழந்தையைக் குளிப்பாட்டும்போதே தொடங்கலாம். கண், காது, மூக்கு என்று சொல்லித் தரும் நாம் சில உறுப்புகளுக்கு மட்டும் கேலிப் பெயர் வைக்கிறோம், அல்லது ‘சீ’ என்கிறோம். ஆண்குறி, பெண்குறி, மார்பு, புட்டம் என்று அவற்றின் பெயரையும் இயல்பான குரலில் சொல்லித் தருக. உறுப்பின் பெயர் தெரிந்த குழந்தையால்தான் “இங்கே வலிக்கிறது”, “இங்கே தொட்டார்” என்று தெளிவாகக் கூற இயலும்.

நான்கு ஐந்து வயதில் மூன்று செய்திகளைக் கூறுக. “இந்த இடங்கள் உனக்கு மட்டும் உரியவை. குளிப்பாட்டும்போது அம்மாவும் அப்பாவும், உடம்பு சரியில்லாதபோது எங்கள் எதிரில் மருத்துவரும் தவிர வேறு யாரும் தொடக்கூடாது. யாராவது தொட்டால், தொடச் சொன்னால், படம் காட்டினால், ‘வேண்டாம்’ என்று உரக்கச் சொல்லி அங்கிருந்து வந்துவிடு. வந்து எங்களிடம் சொல்; உன் மேல் தப்பே இல்லை.” இவ்வளவே போதும். ‘யாரிடமும் சொல்லாதே’ என்று பெரியவர் எவரேனும் கூறினால் அதை முதலில் வந்து சொல்ல வேண்டும் என்பதையும் பழக்குக.

இங்கே நாம் திருத்திக்கொள்ள வேண்டிய வழக்கம் ஒன்றுண்டு. விழாக்களில் உறவினர் குழந்தையை மடியில் இழுத்து வைத்து முத்தமிட, குழந்தை நெளிகிறது. “மாமாதானே, கொடு கண்ணு” என்று நாமே வற்புறுத்துகிறோம். தன் உடல் மீது தனக்கு உரிமை இல்லை என்பதையே குழந்தை அங்குக் கற்கிறது. கைகூப்பி ‘ஜெய் ஜினேந்திரா’ சொல்வது நம் மரபில் முழுமையான மரியாதைதான்.

“நான் எப்படிப் பிறந்தேன்?” என்ற கேள்விக்குக் கடையில் வாங்கினோம், கோயிலில் கண்டெடுத்தோம் என்று பொய் சொல்ல வேண்டியதில்லை. வாய்மையும் நம் விரதங்களுள் ஒன்று. “அம்மாவின் வயிற்றில் கருப்பை என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே நீ வளர்ந்தாய். மருத்துவமனையில் பிறந்தாய்” என்றால் ஐந்து வயதுக்கு அது போதும். எட்டு ஒன்பது வயதில் “உள்ளே எப்படி வந்தேன்?” என்று கேட்டால், “அப்பாவிடமிருந்து ஒரு விந்தணுவும் அம்மாவிடமிருந்து ஒரு கருமுட்டையும் சேர்ந்தால் கரு உண்டாகும்” என்று கூறலாம். கேட்ட அளவுக்கு விடை. விடை உண்மையாக இருத்தல் வேண்டும். இவ்விரண்டையும் கடைப்பிடித்தால் தவற மாட்டோம்.

பூப்பெய்தும் பருவம்

பெண் பிள்ளைகளுக்குப் பருவ மாற்றம் பொதுவாக 8 முதல் 13 வயதிற்குள் தொடங்குகிறது. மார்பு வளர்ச்சியே முதல் அறிகுறி. அதிலிருந்து சுமார் இரண்டு ஆண்டுகளில் மாதவிலக்கு வருவது இயல்பு. ஆகவே, மார்பு வளர்ச்சி தென்பட்டவுடன் தாய் பேசத் தொடங்கிவிட வேண்டும். பள்ளிக் கழிப்பறையில் இரத்தத்தைக் கண்டு தனக்கு ஏதோ நோய் வந்துவிட்டது என்று நடுங்கும் நிலை எந்தப் பிள்ளைக்கும் வரலாகாது.

நம் ஊர்களில் பெண் பூப்பெய்தினால் பந்தலிட்டு, பதாகை வைத்து, ஊரைக் கூட்டி மஞ்சள் நீராட்டுகிறோம். ஊருக்கே அறிவித்த அச்செய்தியின் பொருளை அப்பெண்ணுக்கு எத்தனை தாய்மார் விளக்கிச் சொல்கிறோம்? மாதந்தோறும் கருப்பையின் உட்சவ்வு தடித்து, கரு உண்டாகாதபோது இரத்தத்தோடு வெளியேறுகிறது, அதுவே மாதவிலக்கு. தொடக்க ஓரிரு ஆண்டுகள் அது ஒழுங்கின்றி வரலாம். ஏழு நாட்களுக்கு மேல் நீடித்தாலும், ஓரிரு மணி நேரத்திற்கு ஒருமுறை அணையாடை நனைந்து மாற்ற நேர்ந்தாலும், பள்ளிக்குச் செல்ல இயலாத அளவு வலித்தாலும், 15 வயதாகியும் பூப்பெய்தாவிட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அணையாடையை நான்கு முதல் ஆறு மணி நேரத்திற்கு ஒருமுறை மாற்ற வேண்டும். துணியைப் பயன்படுத்துவோர் அதனை நன்கு துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். மறைவான மூலையில் ஈரத்தோடு காய வைப்பது நோய்க்கு இடம் தரும்.

மாதவிலக்கு நாட்களில் ஆலயத்திற்குச் செல்லாமையும் பூசைப் பொருள்களைத் தொடாமையும் நம் குடும்பங்களில் வழிவழி வந்த ஒழுகலாறு. அதனைக் குறித்து வாதிடுவது இவ்வுரையின் நோக்கமன்று. ஆனால் அவ்வொழுகலாறு, “ஒதுங்கி நில், நீ தீட்டு” என்னும் சுடுசொல்லாகப் பன்னிரண்டு வயதுப் பெண்ணின் செவியில் விழுமானால், சொல்லால் செய்யும் இம்சை அது. அந்நாட்களில் அவளுக்கு நல்ல படுக்கையும், வெதுவெதுப்பான உணவும், கனிவான பேச்சும் குறையலாகாது.

உணவைப் பற்றியும் ஒரு சொல். மாதந்தோறும் இரத்தம் இழக்கும் வளரிளம் பெண்ணுக்கு இரும்புச்சத்து மிகுதியாகத் தேவை. புலால் நீக்கி, கிழங்கு நீக்கி உண்ணும் நம் வீடுகளில் இதற்குக் கருத்தோடு சமைக்க வேண்டும். முருங்கைக்கீரை, எள், கேழ்வரகு, பயறு வகைகள் ஆகியவற்றோடு எலுமிச்சை, நெல்லிக்கனி சேர்த்தால் இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும். உணவோடு காபி, தேநீர் அருந்தினால் அது தடைப்படும். பால், தயிர் வாயிலாகவே நமக்கு ‘பி12’ உயிர்ச்சத்து கிடைக்கிறது. பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கி எறிய வேண்டாம். தசலட்சணப் பருவத்தில் உபவாசம் மேற்கொள்ள விரும்பும் சிறுமியின் பக்தியைப் போற்றுவோம். அவளுக்கு இரத்தச்சோகை இருந்தால், உடல் தேறும் வரை ஏகாசனமாகவோ ஒரு பொருள் துறப்பாகவோ அவ்விரதத்தை அமைத்துத் தருவது பெரியோர் கடமை.

ஆண் பிள்ளைகளை மறந்துவிட்டோம்

பெண்ணுக்காவது தாயோ பாட்டியோ அத்தையோ ஏதோ ஒன்றைக் கூறுகிறார்கள். ஆண் பிள்ளைக்கு எவரும் எதுவும் கூறுவதில்லை. 9 முதல் 14 வயதிற்குள் அவனுக்கும் பருவ மாற்றம் தொடங்குகிறது. குரல் உடைகிறது, மீசை அரும்புகிறது, உறக்கத்தில் விந்து வெளியேறுகிறது. அது நோயன்று, பாவமன்று, வலிமையைக் குறைப்பதுமன்று. உடல் வளர்ந்ததன் அடையாளம். இவ்வொரு வாக்கியத்தைத் தந்தை கூறாததால், ‘நரம்புத் தளர்ச்சி’, ‘இளமைத் தவறுகள்’ என்று சுவரொட்டி ஒட்டி, ஊர் ஊராக விடுதி அறையில் தங்கி மருந்து விற்பவர்களிடம் நம் இளைஞர்கள் பொருளையும் மன அமைதியையும் இழக்கின்றனர்.

சுய இன்பம் பற்றியும் தந்தையர் கேட்கின்றனர். மருத்துவம் அதனால் குருடாகவோ மலடாகவோ ஆவதில்லை என்று தெளிவாகக் கூறுகிறது. பொறிகளை அடக்கி ஆளும் பண்பை நம் சமயம் போற்றுகிறது. அதனைப் பிள்ளைக்குக் கற்பிப்பது நம் உரிமையும் கடமையுமாகும். விளையாட்டு, கல்வி, சாமாயிகம் ஆகியவற்றால் மனத்தை நெறிப்படுத்தக் கற்பிக்கலாம். ஆனால் அடக்கத்தைப் பொய்யான நோயச்சத்தின் மேல் கட்டக்கூடாது. பொய் என்று ஒருநாள் அறிந்துகொண்டால், அவன் நாம் கூறிய மற்ற உண்மைகளையும் நம்ப மாட்டான்.

பெண்களை மதிக்கும் பண்பையும் தந்தையே கற்பிக்க வேண்டும். ஒரு பெண் ‘வேண்டாம்’ என்றால் அது வேண்டாம் என்பதே. பின்தொடர்வதும் வற்புறுத்துவதும் திரைப்படத்தில் காதலாகத் தோன்றலாம், வாழ்க்கையில் அது இம்சை, சட்டத்தில் அது குற்றம். இதைச் சொல்லக் கேட்பதைவிட, தன் தாயிடம் தந்தை பேசும் முறையைப் பார்த்தே மகன் மிகுதியாகக் கற்கிறான்.

பதின்ம வயதினருக்கு

பதினான்கு பதினைந்து வயதில் ஈர்ப்பு தோன்றுவது இயல்பு. “காதலா! படிப்பை நிறுத்திவிடுவேன்” என்று மிரட்டினால் ஈர்ப்பு மறையாது, பேச்சுதான் மறையும். அவ்வயதில் மூன்று செய்திகளை அவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, சட்டம். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயது நிறையாத அனைவரும் குழந்தைகளே. இருவரும் விரும்பினர் என்றாலும் அவ்வயதினருடன் பாலுறவு குற்றமாகும். 18 வயதுக்குட்பட்டோரின் ஆபாசப் படத்தை எடுப்பதும், அனுப்புவதும், சேர்த்து வைப்பதும் குற்றம். ‘உன் படத்தை அனுப்பு’ என்று எவர் கேட்டாலும் அனுப்பலாகாது; அனுப்பிவிட்டு மிரட்டலுக்கு ஆளானால் உடனே பெற்றோரிடம் வர வேண்டும். அப்போது நாம் முதலில் கூற வேண்டிய சொல், “வந்து சொன்னாயே, நல்லது” என்பதுதான். திட்டுவதற்கு நாட்கள் உண்டு. பிள்ளையின் உயிரைக் காப்பதற்குச் சில வேளை அந்த ஒரு மணி நேரம்தான் உண்டு.

இரண்டாவது, நோய். இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986ஆம் ஆண்டு, நம் சென்னையில்தான். மருத்துவர் சுனிதி சாலமன் வழிகாட்டலில், மருத்துவர் செல்லப்பன் நிர்மலா என்னும் இளம் ஆய்வாளர் இரத்த மாதிரிகளைச் சேகரித்து வேலூருக்குக் கொண்டு சென்று சோதித்தார். ‘நம் நாட்டில் அந்நோய்க்கு இடமில்லை’ என்று பலர் எண்ணியிருந்த காலத்தில், கேட்கத் தயங்கும் கேள்விகளை அவ்விரு பெண்மணிகளும் கேட்டனர். பின்னர், ‘புள்ளிராஜா’ விளம்பரம் தமிழகமெங்கும் பரவியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அது யார் என்று பிள்ளை கேட்டபோது எத்தனையோ வீடுகளில் தொலைக்காட்சியின் ஒலிதான் குறைக்கப்பட்டது. பாதுகாப்பற்ற உடலுறவு, கிருமியுள்ள இரத்தம், ஊசி, தாயிடமிருந்து சேய் ஆகிய வழிகளில் அது பரவும். ஒன்றாக உண்பதால், தொடுவதால் பரவாது. ஆணுறை அதனைப் பெரிதும் தடுக்கும். கிருமி உள்ளவர்க்கு அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கூட்டு மருந்து தரப்படுகிறது. ஒழுங்காக உட்கொள்வோர் நெடுநாள் நலமாக வாழ்கின்றனர். ஆணுறை பற்றிக் கூறினால் பிள்ளை கெட்டுவிடும் என்று அஞ்ச வேண்டாம். தீயணைக்கும் முறையைக் கற்பிப்பதால் எவரும் தீ வைப்பதில்லை.

மூன்றாவது, தடுப்பூசி. பெண்களின் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் காரணமாவது எச்.பி.வி. என்னும் கிருமி. அதற்குத் தடுப்பூசி உண்டு. 9 முதல் 14 வயதிற்குள் போடுவது மிகுந்த பயன் தரும். “திருமணமாகாத பெண்ணுக்கு இது எதற்கு?” என்று கேட்கின்றனர். கிருமி தாக்குமுன் போட்டால்தான் அது காக்கும். எதிர்காலக் கணவர் வழியாகவும் அக்கிருமி வரலாம். மகளின் ஒழுக்கத்தின் மேல் ஐயம் கொண்டு போடும் ஊசி அன்று. மகளின் உயிர் மேல் அன்பு கொண்டு போடும் ஊசி. நால்வகைத் தானத்துள் மருந்துத் தானம் என்றது இதனையும் உள்ளடக்கியதே.

சிறிய சமூகத்தின் காப்பும் மறைப்பும்

இனி, சற்றுக் கசப்பான ஒன்றையும் கூற வேண்டும். தமிழ்ச் சமணராகிய நாம் எண்ணிக்கையில் சிறிய சமூகம். வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் பகுதியின் ஓர் ஊரில் இருப்பவருக்கு மற்ற ஊரில் இருப்பவர் ஏதோ ஒரு வகையில் உறவு. படிப்பிற்காகப் பிள்ளைகளை நகரத்து உறவினர் வீட்டில் விடுகிறோம். யாத்திரைகளில் ஒரே மண்டபத்தில் உறங்குகிறோம். இந்த நெருக்கம் நமக்குப் பெரும் காப்பு. ஆனால் குழந்தை ஒன்று உறவினர் ஒருவரைப் பற்றிப் புகார் கூறும் நாளில், இதே நெருக்கம் பெரும் மறைப்பாக மாறிவிடக் கூடும். “குடும்ப மானம் என்னாகும்? அவள் தங்கைக்கு வரன் கிடைக்குமா? பெரியவர் மேல் பழி சொல்லலாமா?” என்று பேசிப் பேசிக் குழந்தையின் வாயை அடைத்துவிட்டால், குற்றம் செய்தவர் அடுத்த விழாவிலும் முன்வரிசையில் அமர்வார்; குழந்தை அவரை வணங்க வேண்டியிருக்கும். அதைவிடக் கொடிய இம்சை எது?

சட்டம் இதில் தெளிவாக உள்ளது. குழந்தை மீது பாலியல் குற்றம் நிகழ்ந்ததை அறிந்தவர் எவராயினும் காவல் துறைக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர் என்று போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு கூறுகிறது. அறிவிக்காமல் இருப்பது தண்டனைக்குரியது. குழந்தையின் பெயரையும் அடையாளத்தையும் வெளியிடச் சட்டம் தடை விதித்துள்ளது. ஆகவே மானம் போய்விடும் என்ற அச்சத்திற்குச் சட்டமே விடை தந்திருக்கிறது. 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். இந்த எண்ணை நம் மண்டபத்தின் அறிவிப்புப் பலகையிலும், பிள்ளைகள் சமய பாடம் கற்கும் பாடசாலையின் சுவரிலும் எழுதி வைக்க அறக்கட்டளையினரை வேண்டுகிறேன். பாடசாலைப் பெற்றோருக்கு ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவர் ஒருவரைக் கொண்டு இத்தகைய அரங்கம் நடத்துவதும் நலம் பயக்கும்.

குழந்தை வந்து கூறினால் நாம் செய்ய வேண்டியவை சிலவே. குறுக்கிடாமல் கேளுங்கள். “நிஜமாகவா?” என்று ஐயுறாதீர்கள். “அப்போதே ஏன் சொல்லவில்லை?” என்று கடியாதீர்கள். “நான் உன்னை நம்புகிறேன், உன் மேல் தப்பில்லை, இனி நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று கூறுங்கள். அம்மூன்று வாக்கியங்களே அந்நேரத்தில் குழந்தைக்கு அபயம்.

மாலைப் பொழுது நமக்கு உண்டு

“எப்படிப் பேச்சைத் தொடங்குவது? கூச்சமாக இருக்கிறதே” என்பீர்கள். கூச்சம் இருக்கட்டும், கூச்சத்தோடே பேசலாம். “இதைப் பற்றி எங்கள் காலத்தில் யாரும் பேசவில்லை, எனக்கும் தயக்கம்தான், ஆனால் நீ என்னிடம் கேட்கலாம்” என்று பெற்றோர் கூறினால் அதுவே நல்ல தொடக்கம். விடை தெரியாவிட்டால், “மருத்துவரிடம் கேட்டுச் சொல்கிறேன்” என்று கூறி, மறவாமல் கேட்டுச் சொல்லுங்கள். ஒரே நாளில் உட்கார வைத்து ஒரு மணி நேரம் சொற்பொழிவு செய்ய வேண்டாம். செய்தித்தாளில் வந்த ஒரு செய்தி, உறவினர் வீட்டில் ஒரு பேறுகாலம், பள்ளியில் நடந்த ஒரு பேச்சு என வாய்ப்பு தானே வரும். அப்போது இரண்டு வாக்கியம் பேசினால் போதும். பிள்ளை கேட்ட கேள்வியைப் பிறர் முன் சொல்லிச் சிரிக்காதீர்கள். “இதையெல்லாம் உனக்கு யார் சொன்னது?” என்று விசாரணை நடத்தாதீர்கள். அப்படி விசாரித்த வீட்டில் அடுத்த கேள்வி எழாது.

மற்றவர்க்கில்லாத ஒரு வசதி நமக்குண்டு. பொழுது சாயும் முன் உண்டு முடிக்கும் ஒழுக்கம் நம்முடையது. உணவு முடிந்து உறங்கும் வரை நீண்டதொரு மாலை நமக்கு எஞ்சுகிறது. அம்மாலையைத் தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் முழுவதும் கொடுத்துவிடாமல், அதில் கால் மணி நேரம் கைப்பேசிகளை ஒரு தட்டில் வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு அமருங்கள். முதல் பத்து நாட்கள் பள்ளிக்கதையும் விளையாட்டுக் கதையும்தான் வரும். அவற்றைப் பொறுமையாகக் கேளுங்கள். சிறு செய்திகளைக் கேட்கும் செவி நமக்கு இருக்கிறது என்று தெரிந்த பிறகே, பெரிய செய்தியைப் பிள்ளை கொண்டு வரும்.

பசித்தவர்க்கு உணவும், பிணியுற்றவர்க்கு மருந்தும், கற்போர்க்கு நூலும் நாம் ஊர்தோறும் வழங்கி வருகிறோம். நான்காவது தானமாகிய அபயத்தை வழங்கப் பொருள் தேவையில்லை, மண்டபம் தேவையில்லை. அதனைப் பெறுவதற்கு முதல் உரிமை உடையவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகளே. அவர்களுக்கு அதனை மறுத்துவிட்டு வேறு எவ்வுயிர்க்கு வழங்கப் போகிறோம்?

 அருகன் அறம் வளர்க! எல்லா உயிரும் இன்புற்று வாழ்க! ஜெய் ஜினேந்திரா.